நெடுந்தூர ஓட்டமும் வலியறிதலும்

ஓட்டப் பந்தயம் என்றவுடன் பெரும்பாலோர் மனத்தில் தோன்றுவது நூறு மீட்டர் ஓட்டமே. துப்பாக்கி வெடிக்கும், பத்துப் பன்னிரண்டு நொடிகளில் யாவும் முடிந்துவிடும். ஈண்டு யாம் எழுதப் புகுவது, ஐந்து, பத்து, இருபத்தொரு கிலோமீட்டர் என நீளும் ஓட்டத்தைப் பற்றியும், பரிசினை எதிர்நோக்காது அதில் கலந்துகொள்ளும் எம்மனோரைப் பற்றியுமாம். ஈராண்டுகளாக எமது கல்லூரி விளையாட்டு விழாவிலும், அண்மையூர்களில் நடைபெறும் பந்தயங்களிலும் யாம் ஓடி வருகின்றோம். ஒருமுறையேனும் முதல் மூவருள் ஒருவராக வந்ததில்லை. அங்ஙனமாயின் ஓடுவது எற்றுக்கு என்று நண்பர் பலர் வினவுகின்றனர். அவ்வினாவிற்கு விடையாகவும், புதிதாக ஓடப் புகும் மாணவர்க்கு ஒரு துணையாகவும் இக்கட்டுரை அமையுமென நம்புகின்றோம்.

உள்ளூர்ப் பந்தயங்களை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, பள்ளி கல்லூரி மைதானங்களில் நடப்பது. நானூறு மீட்டர் வட்டத்தைப் பன்னிரண்டரை முறை சுற்றினால் 5,000 மீட்டர். இருபத்தைந்து முறை சுற்றினால் 10,000 மீட்டர். இரண்டாவது, பொங்கலையொட்டியும் ஊர்த் திருவிழாக்களையொட்டியும் இளைஞர் மன்றத்தார் நடத்துவது. பேருந்து நிறுத்தத்தில் தொடங்கி ஆற்றுப் பாலம்வரை சென்று மீள்வது போன்று அதன் வழி அமையும். எவர்சில்வர்ப் பாத்திரமோ கேடயமோ பரிசாக வரும். மூன்றாவது, நகரங்களில் அறச்செயல்களுக்குப் பொருள் திரட்டும் பொருட்டு நடத்தப்பெறுவது. இதிற் பல்லாயிரவர் கட்டணம் செலுத்தி, மார்பில் எண் தாங்கி ஓடுவர். அவ்வெண்ணின் பின்புறம் ஒட்டிய சிறு சிப், ஒவ்வொருவரும் தொடக்கக் கோட்டைக் கடந்த நேரத்தையும் முடிவுக் கோட்டைக் கடந்த நேரத்தையும் தானே குறித்துவிடும். ஆதலின் கூட்டத்தின் கடைசியில் நின்று புறப்படுவோர்க்கும் நேரக் கணக்கில் குறை நேர்வதில்லை.

இவையனைத்தையும் மாரத்தான் என்றே நம்மவர் அழைக்கின்றனர். ஐந்து கிலோமீட்டர் ஓட்டமும் சுவரொட்டியில் ‘மினி மாரத்தான்’ ஆகிவிடுகின்றது. உண்மையில் மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். 1908-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய அத்தூரமே 1921-இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது.

திருக்குறட் பொருட்பாலில் வலியறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. ஒரு செயலில் இறங்கும் அரசன் அச்செயலின் வலிமை, தன் வலிமை, எதிராளியின் வலிமை, துணைவரின் வலிமை என்னும் நான்கினையும் சீர்தூக்க வேண்டும் என்பது அதன் கருத்து. வகுப்பில் பாடமாகப் பயின்ற இக்கருத்தை, ஓடும் வீதியில் உடம்பினாலேயே உணர்ந்தோம். ஆகவே அந்நான்கு தலைப்புகளையே கொண்டு எமது அநுபவத்தைக் கூறுவோம்.

செயலின் வலிமையாவது தூரமும் வழியும். பத்துக் கிலோமீட்டர் என்று அறிவிக்கப்படும் வழி பத்துக் கிலோமீட்டராகவே இருத்தல் வேண்டும் அன்றோ? அதனை அளக்கும் முறை வியக்கத்தக்கது. மோட்டார் வண்டியின் தூரமானியை நம்பாது, அளந்த நீளத்தில் ஓட்டிச் சரிபார்த்த மிதிவண்டியைக் கொண்டு, அதன் முன்சக்கரத்திற் பொருத்திய எண்ணிக்கருவியால் அளக்கின்றனர். வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் மட்டும் விலகி, ஓடுவோர் செல்லக்கூடிய மிகக் குறுகிய வழியிலேயே வண்டியைச் செலுத்துவர். அளவு குறைந்துபோகாதிருக்கும் பொருட்டுக் கிலோமீட்டர் ஒன்றுக்கு ஒரு மீட்டர் கூட்டியும் வைப்பர். சிற்றூர்ப் பந்தயங்களில் இவ்வளவு நுட்பத்தை எதிர்பார்த்தல் இயலாது. பத்து என்றது ஒன்பதாகவும் இருக்கும், பதினொன்றாகவும் இருக்கும். ஆதலின் முதல்நாள் மாலையே வழியை ஒருமுறை நடந்து பார்த்தல் நலம். பாலத்தின் ஏற்றம் எங்கே தொடங்குகின்றது, நிழல் எங்கே ஒழிகின்றது, சரளைக்கல் எங்கே பரந்து கிடக்கின்றது என்பவற்றைக் கால் அறிந்திருந்தால் மனம் அஞ்சாது.

இரண்டாவது தன் வலிமை. இதனை அறிதலே நான்கனுள்ளும் அரிது. பறை முழங்குகின்றது, ஒலிபெருக்கி அழைக்கின்றது, தெருவின் இருமருங்கும் மக்கள் ஆரவாரிக்கின்றனர். அவ்வுற்சாகத்தில் கால்கள் தாமே பறக்கின்றன. ஐம்பது நிமிடத்திற் பத்துக் கிலோமீட்டர் ஓடத்தக்கவனுக்குக் கிலோமீட்டர் ஒன்றுக்கு ஐந்து நிமிடமே உரிய வேகம். அவன் முதற் கிலோமீட்டரை நான்கு நிமிடத்தில் ஓடி முடித்தால் ஒரு நிமிடம் மிகுந்ததென மகிழ்கின்றான். அஃது இலாபமன்று, கடன். தசைகளுக்கு வேண்டிய அளவு ஆக்ஸிஜனை இரத்தம் கொண்டு சேர்க்க இயலாதபோது, உடம்பு வேறு வழியால் ஆற்றலைப் பெறுகின்றது. அவ்வழி நெடுநேரம் நில்லாது, மூச்சு இரைக்கும், தொடைகள் கனக்கும். ஆறாவது கிலோமீட்டரில் அக்கடன் வட்டியுடன் வசூலிக்கப்படும். முதற் கிலோமீட்டரில் எம்மை முந்திச் சென்ற இளைஞர் பலரை ஏழாவது கிலோமீட்டரில் நடந்து செல்லக் காண்பது ஒவ்வொரு பந்தயத்திலும் வழக்கமாகிவிட்டது.

இன்னும் நீண்ட ஓட்டங்களில் மற்றொரு தடையும் உண்டு. நாம் உண்ணும் மாவுப்பொருளின் சத்து, கிளைக்கோஜன் என்னும் வடிவில் தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கப்படுகின்றது. அச்சேமிப்புப் பெரும்பாலோர்க்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அளவிலேயே தீர்ந்துபோம். பின்னர்க் கொழுப்பையே பெரிதும் நம்பி ஓட வேண்டியிருத்தலின் வேகம் தளர்ந்துவிடும். வேகமாக ஓடுந்தோறும் அச்சேமிப்பு விரைவாகக் கரையும். ஆகவே நெடுந்தூர ஓட்டத்தின் முதற்பாதி வேகத்தை அடக்கும் கலையேயாம். வாய்திறந்து ஒரு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடியுமாயின் வேகம் அளவாக உள்ளதென அறியலாம்.

இதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1896-ஆம் ஆண்டு ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தானில், 1,500 மீட்டர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்த பிரெஞ்சுக்காரர் லெர்மூசியோ தொடக்கத்திலேயே நெடுந்தொலைவு முன்னே சென்றார். வழியில் அவர் தளர்ந்து விலகவே, 800 மீட்டரிலும் 1,500 மீட்டரிலும் வெற்றி பெற்றிருந்த ஆஸ்திரேலியர் பிளாக் முன்னணிக்கு வந்தார். அவரும் முடிவெல்லையை அடையுமுன் சோர்ந்து வீழ்ந்தார். வென்றவர் தண்ணீர் சுமந்து விற்கும் தொழிலினரான ஸ்பிரிடோன் லூயிஸ். அவர் ஏறக்குறைய 40 கிலோமீட்டரை 2 மணி 58 நிமிடம் 50 நொடியில் ஓடினார். அதற்கு முன் கிரேக்க நாட்டிலேயே நடந்த தேர்வு ஓட்டத்தில் அவர் ஐந்தாவதாகவே வந்தார் என்பது எம்மனோர் நினைவில் வைக்கத்தக்கது.

தன் வலிமையைத் தானே அறிதல் வேண்டும். அதனைப் பிறர் அளந்து வரையறுத்தல் பொருந்தாது. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடி முடித்தபின் களைத்தனர் என்று காட்டி, 1960 வரையில் அவ்வோட்டத்தையே அவர்களுக்கு இல்லாமற் செய்தனர். 1967-இல் பாஸ்டன் மாரத்தானில் எண் தாங்கி ஓடிய காத்ரின் ஸ்விட்ஸரை அதிகாரி ஒருவர் வழியிலேயே பிடித்துத் தள்ள முயன்றார். அவரோ ஓடி முடித்தார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வைக்கப்பட்டது 1984-இலேதான். இன்று எம் ஊர்ப் பந்தயங்களில் எம்மை முந்திச் செல்லும் பெண்மணிகள் பலர். அவர்களைக் காணுந்தோறும், அளவறியாதார் இட்ட தடை எத்துணைக் காலம் நீடித்தது என்பதை எண்ணி வருந்துகின்றோம்.

மூன்றாவது எதிராளியின் வலிமை. எம்முடன் ஓடுவோர் எமக்கு எதிராளிகள் அல்லர். நம் நாட்டில் ஓடுவோர்க்கு மெய்யான எதிராளி வெப்பமே. இதனை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவன் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 60 கிலோகலோரி செலவாகும். பத்துக் கிலோமீட்டருக்கு 600. அதில் ஏறத்தாழ முக்காற் பங்கு, அதாவது 450 கிலோகலோரி, வெறும் வெப்பமாகவே வெளிப்படும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டு செல்லும். எனவே வியர்வையொன்றாலேயே உடம்பைக் குளிர்விப்பதாயின், முக்கால் லிட்டருக்கு மேற்பட்ட வியர்வை முழுவதும் ஆவியாதல் வேண்டும். ‘ஆவியாதல்’ என்பதைக் கவனிக்க. சொட்டி மண்ணில் வீழும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை நகரங்களில் காற்றே ஈரம் நிறைந்திருத்தலின் வியர்வை ஆவியாவது அரிது. விடியற்காலை ஐந்து மணிக்குப் பந்தயம் தொடங்குவதன் காரணம் இதனால் விளங்கும். அவ்வேளையில் ஈரம் மிகுதியெனினும் வெயில் இல்லை.

இவ்வெதிராளியின் கொடுமையை நேரிற் கண்டோம். சென்ற ஆண்டு கடற்கரையூர் ஒன்றில் நடந்த பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் காலந்தாழ்ந்து, வெயில் ஏறியபின் தொடங்கிற்று. ஒன்பதாவது கிலோமீட்டரில் எமக்கு முன் ஓடிய இளைஞர் ஒருவர் கால்கள் பின்னத் தெருவின் மறுபுறம் சென்றார். பெயரைக் கேட்டதற்குப் பொருந்தாத விடை கூறினார். உடம்பெல்லாம் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. தொட்டாலோ நெருப்பாய்ச் சுட்டது. யாமும் பின்வந்த மற்றொருவரும் அவரை நிழலிற் கிடத்தினோம். அவ்வழி வந்த மீன் வண்டிக்காரர் பெட்டியிலிருந்த பனிக்கட்டியை எல்லாம் அள்ளித் தந்தார். அதனைத் துணியில் முடிந்து கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்து, தலைமுதல் கால்வரை தண்ணீரைக் கொட்டி விசிறினோம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் தம் தாயின் பெயரைத் தெளிவாகச் சொன்னார். இரண்டு நாளில் வீடு திரும்பினார் என்று பின்னர் அறிந்து மகிழ்ந்தோம். அன்று யாம் முடிவுக் கோட்டைக் கடக்கவில்லை.

ஓடுவோர் யாவரும் அறியவேண்டுவது ஈதாம். உடம்பின் வெப்பம் 40 பாகைக்கு மேலேறி அறிவு தடுமாறுமாயின் அது வெப்பத்தாக்கு, உயிரைக் கொள்ளவல்லது. வியர்வை வழிகின்றதாதலின் அபாயமில்லை என்று கருதலாகாது. முதலிற் குளிர்வித்தல் வேண்டும். மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுதல் அதன் பின்னரே. இயலுமாயின் கழுத்துவரை குளிர்ந்த நீரில் அமிழ்த்துதலே சிறந்த முறை. நினைவு கலங்கியவர் வாயில் நீர் ஊற்றுதல் கூடாது.

அஞ்சி அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்தலும் தீதே. இரத்தத்தின் உப்பு நீர்த்துப்போய் மயக்கமும் வலிப்பும் வரும். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியோருள் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்குப் பதின்மூவர்க்கு உப்பு குறைந்திருந்தது. விடாய்க்கு ஏற்பக் குடித்தலே நேர்வழி.

நான்காவது துணைவரின் வலிமை. ஒருவன் தன் கால்களாலேயே ஓடுகின்றான் என்பது பாதி உண்மையே. சாலையை மறித்து நிற்கும் காவலர், இருளில் எழுந்து தண்ணீர்க் குவளைகளை வரிசையிட்டு வைக்கும் தொண்டர்கள், வீட்டு வாயிலில் நீர்மோர்ச் செம்புடன் காத்திருக்கும் பாட்டிமார், ஒரே வேகத்தில் உடன் ஓடிவரும் பெயரறியாத் தோழர் ஆகிய இவர்களின்றிப் பந்தயம் இல்லை. ஓட்டத்தின் கடைசியில் வருவோர்க்கு இவ்வுண்மை நன்கு விளங்கும். முதல்வர் வரும்போது எல்லோரும் நிற்பர். கடைசியில் வருபவருக்காக நிற்பவரே பந்தயத்தை நடத்துவோர். சிற்றூர்ப் பந்தயம் ஒன்றில், அறுபது கடந்த உழவர் ஒருவர் வெறுங்காலுடன் ஓடி, பரிசளிப்பு முடிந்தபின் வந்து சேர்ந்தார். மேசை நாற்காலிகளை எடுத்துவிட்ட பின்னரும் முடிவுக் கயிற்றை மட்டும் அவிழ்க்காது இரு சிறுவர் பிடித்து நின்றனர். அப்பந்தயத்தில் யார் முதல்வர் என்பதை யாம் மறந்துவிட்டோம்.

இனி, வெல்லாதவன் ஓடுவதேன் என்னும் வினாவிற்கு வருவோம். 1941-ஆம் ஆண்டு செக் நாட்டின் ஸ்லின் நகரத்துப் பாட்டா காலணித் தொழிற்சாலையில் ஓர் ஓட்டம் நடந்தது. அங்குத் தொழில் செய்துவந்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் தமக்கு ஓடத் தகுதியில்லை என மறுத்தும் விடாது சேர்த்தனர். நூறு பேருள் அவர் இரண்டாவதாக வந்தார். அவரே 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் வென்ற எமில் ஸாடொபெக். ஓர் உள்ளூர்ப் பந்தயமே அவர்க்குத் தம் வலிமையை முதலிற் காட்டிற்று. எம்மனோர் ஸாடொபெக் ஆகப் போவதில்லை. ஆயினும் அவர்க்கு அன்று கிடைத்த அறிவு எமக்கும் கிடைக்கின்றது. எம்மால் எவ்வளவு இயலும், எவ்வளவு இயலாது, எப்போது நிறுத்தல் வேண்டும், யார் யாரால் ஓடுகின்றோம் என்னும் இவற்றை ஐம்பது நிமிடத்தில் இவ்வளவு தெளிவாகக் கற்பிக்கும் ஆசிரியர் வேறொருவரை யாம் அறியோம்.

ஆதலின் நண்பர்களே, அடுத்த விளையாட்டு விழாவில் 5,000 மீட்டர் ஓட்டத்திற்குப் பெயர் கேட்கும்போது தயங்காது கொடுங்கள். முதற் சுற்றில் அடங்கி ஓடுங்கள். அருகில் ஓடுபவர் தடுமாறினால் நில்லுங்கள். ஓடாதோர் கடைசி மாணவன் வருமளவும் மைதானத்தை விட்டு நீங்காதிருப்பாராக. அவர்களும் அவ்வோட்டத்தில் துணைவராவர்.