உங்களுக்குத் தெரியுமா? வில்வண்டியின் வில்லே ராலிக் காரையும் தாங்கியது!

1985-இல் வெளிவந்து, இந்திய ராலிப் பந்தயங்களில் பல்லாண்டுகள் பிரசித்தி பெற்று விளங்கிய மாருதி ஜிப்ஸியின் நான்கு சக்கரங்களுக்கும் ஆதாரமாய் இருந்தது, நம் பாட்டனார் காலத்து வில்வண்டியில் இருந்த அதே பட்டை வில்தான்.

• ஆகையால், சொற்பப் பொருளோடு ராலியில் இறங்க விழையும் இளைஞர், உயர்ந்த விலை ஸ்பிரிங்கைத் தேடி அலையுமுன், நல்ல ஷாக் அப்சார்பரையே பிரதானமாகக் கருதுதல் உசிதம். வில் அதிர்ச்சியை ஏற்கும். துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பரே.

• குண்டும் குழியுமான பாதையில் ஷாக் அப்சார்பர் இடைவிடாது இயங்குகையில், அசைவின் சக்தியெல்லாம் உஷ்ணமாக மாறி, உள்ளிருக்கும் எண்ணெய் நுரைத்து, அடக்கும் வலிமை குன்றிவிடும். அதைத் தடுக்கவே நைட்ரஜன் வாயுவை அழுத்தத்துடன் அடைக்கிறார்கள்.

• தார்ச்சாலைக்கு விறைப்பும் தாழ்வும் பொருந்தும். கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களின் மண்பாதைகளுக்கோ மிருதுவான வில்லும் தாராளமான ஏற்ற இறக்கமும் அவசியம். உலக ராலிக் கார்களின் சக்கரம் மண்ணில் 20 சென்டிமீட்டருக்கு மேலும் ஏறி இறங்கும். அழகுக்காகக் காரைத் தாழ்த்துவது இங்கே பெருந்தீங்கு.

• அமுங்கிய வில் மீள்வதை ஷாக் அப்சார்பர் மிகையாகத் தடுத்தாலோ, அடுத்த மேடு வருமுன் சக்கரம் கீழிறங்காது. கார் படிப்படியாகத் தாழ்ந்து, அடிப்பாகம் தரையில் மோதும்.