ஈரலில் சேரும் கொழுப்பு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, குள்ளஞ்சாவடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அப்பாவின் ஸ்கேன் அறிக்கையைப் படித்தேன். எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்யும் அப்பாவுக்கும், பக்கத்தில் நின்ற அம்மாவுக்கும் அது வெறும் காகிதம்.

"ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்காம்பா" என்றேன்.

அப்பா சிரித்தார். "எலும்பும் தோலுமா கெடக்கேன், எனக்கு ஏதுடா கொழுப்பு? நான் குடிக்கிறது கடைச் சரக்கு, கள்ளச்சாராயம் இல்ல. அதுவும் வயிறாரச் சாப்புட்டுத்தான் குடிக்கிறேன்."

அவருடைய மூன்று வாதங்களுக்கும் அன்று என்னிடம் விடை இல்லை. பின்னர்ப் பாடநூல்களைப் புரட்டியும் பேராசிரியர்களிடம் கேட்டும் நான் அறிந்தவற்றை நண்பர்களாகிய உங்கள் முன் வைக்கிறேன்.

ஈரலின் அவசர வேலை

உண்ணும் மாவுப்பொருளையும் கொழுப்பையும் உடல் சேமித்து வைக்கும். ஆல்கஹாலைச் சேமிக்க உடலில் இடமில்லை. எனவே மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு ஈரல் அதைத்தான் முதலில் கவனிக்கிறது. குடித்த ஆல்கஹாலின் பெரும்பகுதி இரண்டு படிகளில் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. முதற்படியில் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி அதை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. இது நச்சுப் பொருள். அடுத்த படியில் வேறொரு நொதி அதனை அசிட்டேட்டாக மாற்றுகிறது.

இரண்டு படிகளிலும் ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. அதைச் சுமந்து செல்வது என்.ஏ.டி. என்னும் துணை நொதி. ஹைட்ரஜனைச் சுமந்துவிட்டால் அது என்.ஏ.டி.எச். ஆகிவிடும். குடிப்பவரின் ஈரலில் என்.ஏ.டி. குறைந்து என்.ஏ.டி.எச். பெருகுகிறது. தொல்லைகள் பலவும் தொடங்கும் இடம் இதுவே.

கொழுப்பு ஏன் எரிவதில்லை?

கொழுப்பு அமிலங்கள் மைட்டோகாண்டிரியாவில் இரண்டிரண்டு கார்பன்களாக வெட்டப்பட்டு எரிகின்றன. 16 கார்பன்கள் கொண்ட பால்மிட்டிக் அமிலத்தை முழுதும் வெட்ட 7 சுற்றுகள் தேவை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு என்.ஏ.டி. வேண்டும். அதுதான் ஆல்கஹாலுக்கே செலவாகிவிட்டதே!

நெய்வேலிச் சுரங்கத்தை நினைத்துப் பாருங்கள். கன்வேயர் பெல்ட் முழுவதும் மேல்மண்ணே போய்க்கொண்டிருந்தால் பழுப்பு நிலக்கரி எப்படிக் கொதிகலனுக்குப் போய்ச் சேரும்? வெட்டிய இடத்திலேயே குவியும். ஈரலில் கொழுப்பு அமிலங்களின் கதியும் அதுதான்.

அத்துடன் முடியவில்லை. என்.ஏ.டி.எச். மிகுவதால் கிளிசரால் பாஸ்பேட் பெருகுகிறது. எரியாத கொழுப்பு அமிலங்கள் அதனுடன் சேர்ந்து டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பாகின்றன. தொடர்ந்து குடிப்பவரின் ஈரலில் கொழுப்பை ஆக்கும் நொதிகள் கூடுகின்றன. எரிக்கும் நொதிகள் குறைகின்றன. ஆக்கிய கொழுப்பைப் புரதத்துடன் கட்டி இரத்தத்திற்கு அனுப்பும் வேலையும் தடைப்படுகிறது. வரவு மிகுதி, செலவு குறைவு; மிச்சம் ஈரலிலேயே தங்கிவிடுகிறது.

மூன்று விடைகள்

மெலிந்தவருக்குக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? மேற்சொன்னபடி ஈரலே அதை ஆக்குகிறது. மேலும், தோலுக்கடியில் இருக்கும் கொஞ்சநஞ்சக் கொழுப்பும் தொடர் குடியால் கரைந்து ஈரலுக்கு வந்து சேர்கிறது. உடல் இளைக்க, ஈரல் கொழுக்கிறது.

கடைச் சரக்கு தீங்கற்றதா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால். ஆல்கஹாலை மாற்றும் அதே நொதிதான் மெத்தனாலையும் மாற்றுகிறது. ஆனால் விளைவது பார்மிக் அமிலம். அது கண்ணையும் உயிரையும் விரைவில் பறிக்கும். கடையில் விற்பது எத்தனால். அது சில நாட்களில் செய்யாததைப் பல ஆண்டுகளில் செய்யும்.

வயிறாரச் சாப்பிட்டால் போதுமா? சத்துக் குறைவினால்தான் குடிகாரரின் ஈரல் கெடுகிறது என்று மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் நம்பியது. அமெரிக்காவில் சார்லஸ் லீபர் என்னும் அறிஞரின் குழுவினர் பபூன் குரங்குகளுக்குச் சத்தான உணவுடன் ஆல்கஹாலையும் கொடுத்து ஆராய்ந்தனர். நல்ல உணவு உண்டும் அவற்றின் ஈரலில் கொழுப்பு படிந்தது. சிலவற்றுக்கு ஈரல் சுருக்கமே வந்தது. இம்முடிவு 1974-இல் வெளியாயிற்று. சாப்பாடு போதையைத் தாமதப்படுத்தும், ஈரலைக் காக்காது.

மீட்சி உண்டு

ஈரலில் கொழுப்பு படியும்போது பெரும்பாலும் வலி இருப்பதில்லை. அதனால்தான் அப்பா சிரித்தார். ஆனால் இந்த நிலையில் குடியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே கொழுப்பு குறையத் தொடங்கும். தொடர்ந்து குடித்தால் சிலருக்கு அழற்சியும், தழும்பும், இறுதியில் ஈரல் சுருக்கமும் வரும். முற்றிய சுருக்கம் மீள்வது அரிது. ஒன்றை மறக்கக் கூடாது: நெடுநாள் நாள்தோறும் குடித்தவர் மருத்துவர் துணையின்றித் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரவும் கூடும்.

ஒரு ஞாயிறன்று இவற்றையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கன்வேயர் பெல்ட் கதை அவருக்கு உடனே விளங்கியது. நெடுநேரம் பேசாமல் இருந்தவர், "நிறுத்துனா சரியாவும்னு உன் புத்தகத்துல போட்டிருக்கா?" என்று கேட்டார். போட்டிருக்கிறது என்றேன். மறுநாள் என்னுடன் மருத்துவமனைக்கு வந்தார். இடையில் ஒரு முறை தவறினார், மீண்டும் வந்தார். அடுத்த ஸ்கேன் அறிக்கையையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

நண்பர்களே, நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள். வகுப்பில் படிப்பதை வீட்டுத் திண்ணையில் புரியும்படி சொல்ல வேண்டியவர்களும் நாமே.