மருந்தைப் படிக்கக் கணிதமும் வேண்டும்

மாரடைப்பு வந்து இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களுக்கு வைத்தியர்கள் வழக்கமாக எழுதித் தரும் மாத்திரைகளில் ஒன்று குளோபிடோகிரல். குருதி உறைந்து குழாய் மறுபடி அடைபடாமல் காப்பது அதன் வேலை. ஆனால் விழுங்கிய வடிவில் அது எதுவும் செய்யாது. ஈரலில் சிவைபி2சி19 என்னும் நொதியம் அதை மாற்றிய பிறகே குருதிச் சிறுதட்டுகள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும். அந்த நொதியத்துக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் நொதியம் குறையலாம். நேரம் தவறாமல் விழுங்கியும் முழுப் பலன் கிடைக்காது. இதைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010இலேயே எச்சரித்தது. அதற்காக யாரும் வைத்தியரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

பிரித்தானியாவில் வாழும் பங்களாதேஷ், பாகிஸ்தான் வம்சாவளியினரைப் பற்றி 2023இல் வெளியான ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோரிடம் இத்தகைய மரபணு வகை காணப்பட்டது. அந்தக் கணக்கை அப்படியே நமது கண்டிக்குக் கொண்டுவர முடியாது. சிங்களவர், தமிழகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரின் வழிவந்த மலையகத் தமிழர், முஸ்லிம்கள் எனப் பலர் கலந்து வாழும் ஊர் இது. இங்குள்ளவர்களின் மரபணுவை இங்கேதான் படிக்க வேண்டும்.

யார் படிப்பது? நோயாளியை அறிந்தவர் வைத்தியர். மரபணுவை வாசிப்பவர் மூலக்கூற்று உயிரியலாளர். ஆயிரக்கணக்கானோரின் தரவில் எது தற்செயல், எது உண்மை என்று பிரித்துக் காட்டப் புள்ளிவிபரவியலாளர் வேண்டும். கணினி தெரிந்தவரும் வேண்டும். நமது க.பொ.த. உயர்தரமோ பதினாறு, பதினேழு வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறது. உயிரியல் பிரிவுக்குப் போன பிள்ளைக்கு இணைந்த கணிதம் இல்லை. கணிதப் பிரிவுக்குப் போன பிள்ளைக்கு உயிரியல் இல்லை. இத்தகைய ஆய்வுக்குப் பெரிய தடை இதுதான் என்பேன்.

ஆனால் கண்டியை அடுத்த பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம், விஞ்ஞானம், விவசாயம், பொறியியல் எல்லாப் பீடங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மகாவலிக்கு அக்கரையிலுள்ள பொறியியல் பீடத்துக்கும் அக்பர் பாலத்தால் நடந்தே போய்விடலாம். துறை தாண்டிய முன்னோடியும் இங்கே இருந்தார். இந்த மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்த மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, மருந்தின் விலையையும் தன் பாடமாகவே எடுத்துக்கொண்டார். 1971இல் அரச மருந்துப்பொருட்கள் கூட்டுத்தாபனம் உருவாக அவரே காரணம்.

மருத்துவ மாணவரும் பொறியியல் மாணவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து ஒரே தரவை ஆராயும் பாடநெறிகள் பெருக வேண்டும். அதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. இரு பீடங்களும் ஏற்கும் புள்ளியும் பொதுவான நேரசூசியும் போதும். பீடாதிபதிகள் மனம் வைக்க வேண்டும்.