மலையேறுவோரின் உருக்கும் வீட்டுப் பட்டறையும்

செங்குத்தான பாறையில் ஏறுவோர் தம் உயிரை இரு பொருள்களிடம் ஒப்படைக்கின்றனர். ஒன்று கயிறு, மற்றொன்று அக்கயிற்றைப் பாறையோடு பிணைக்கும் உலோகக் கருவி. அத்தகைய கருவியை வீட்டிலே செய்யலாமா, வாங்கியதை வெட்டியும் ஒட்டியும் மாற்றலாமா என்பது பட்டறைத்தொழில் பழகும் நம் மாணவருக்கும் பயன்தரும் வினாவாதலின், அதனை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

வீட்டுப் பட்டறையை இகழ்வதற்கில்லை. கலிபோர்னியாவின் யொசெமிற்றிப் பள்ளத்தாக்கிலே, வெடிப்புகளில் அறைவதற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த மெல்லிரும்பு முளைகள் கருங்கல்லுக்கு ஆற்றாது வளைந்தன. அங்கே குடியேறிய சுவிற்சர்லாந்துக் கொல்லர் யோன் சலாத்தே, போட் மோட்டார் வண்டியின் அச்சுக்கு வழங்கிய குரோமியம், வனேடியம் கலந்த உருக்கில் முளைகளை அடித்தார். அவற்றின் துணையால் 1947இல் அன்ரன் நெல்சனுடன் லொஸ்ற் அரோ என்னும் பாறைக்கூரை எட்டினார். 1957இல் இவோன் சூயினாட் என்னும் இளைஞர் பழைய கரியுலையொன்றை வாங்கித் தாமே கொல்லுத்தொழில் கற்றார். அவருடைய முதல் முளைகள் கதிரறுக்கும் பொறியின் பழைய அலகிலிருந்து பிறந்தவை. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு முளை; ஒன்றின் விலை ஒன்றரை டொலர். அதே ஆண்டில் எல் கப்பித்தான் பாறையின் அகன்ற வெடிப்பொன்றுக்குக் குப்பைமேட்டில் கிடந்த அடுப்புக் கால்களே முளைகளாயின! அடுப்புக்கால் வெடிப்பு என்றே அதற்குப் பெயரும் நிலைத்துவிட்டது.

ஆயின் சலாத்தேயும் சூயினாடும் செய்தது அடிவேலை. கொல்லர் துண்டு முழுவதையும் காய்ச்சி அடித்து, முழுவதையும் ஒருசேரத் தோய்த்துப் பதப்படுத்துகிறார். வெல்டிங் எனப்படும் உருக்கி ஒட்டலிலோ ஒரு கோடு மட்டுமே உருகுகின்றது. சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் அவ்வெப்பத்தை விரைந்து உறிஞ்சுவதால், ஒட்டின் ஓரம் நீரில் தோய்த்ததுபோல் இறுகிக் கண்ணாடித்தன்மை எய்துகின்றது. அதற்குச் சற்று அப்பால், தொழிற்சாலையில் ஏற்றிய பதம் இறங்கி உருக்கு மெலிகின்றது. ஒரே கருவியில் நொறுங்கும் இடமொன்று, வளையும் இடமொன்று! ஒட்டுகோல் ஈரம்பட்டதாயின் அதிலிருந்து ஐதரசன் உட்புகும். வேலை முடிந்து பல மணி நேரங் கழிந்தபின்னும் உள்ளே வெடிப்புத் தோன்றும். பார்ப்பவர் கண்ணுக்கு ஒட்டு அழகாகவே இருக்கும். நாகமுலாம் பூசிய உருக்கை உருக்கும்போது எழும் புகை காய்ச்சலைத் தரும். கட்மிய முலாமாயின் உயிருக்கே கேடு.

கயிறு கொளுவும் வளையம் நீள்வாட்டில் 20 கிலோநியூற்றன், அதாவது ஏறத்தாழ இரண்டு தொன் பாரத்தின் இழுவையைத் தாங்கவேண்டும் என்பது இன்றைய நியமம். வீட்டில் ஒட்டியது எவ்வளவு தாங்குமென அறிய, அறுமட்டும் இழுத்துப் பார்ப்பதைவிட வேறு வழியில்லை. அறுந்ததோ பின் உதவாது. ஆதலின் உயிர் தொங்கும் கருவியில் வீட்டு ஒட்டு வேண்டாம் என்பதே எம் துணிபு.

வீட்டில் தாராளமாகச் செய்யத்தக்க வேலையும் உண்டு. பனிக்கோடரியின் அலகும் சப்பாத்தில் பூட்டும் பனிமுட்களும் மழுங்கினால் கையரத்தால் தீட்டலாம். சுழலும் சாணைக்கல் ஆகாது. விரைவுக்கு ஆசைப்பட்டு அதில் பிடிப்போர் பலர். உருக்கின் மேல் நீலம் படருமாயின் அவ்விடம் ஏறத்தாழ 300 பாகை செல்சியசு வரை சூடேறியது என்பது பொருள். பதம் இறங்கியிருத்தல் கூடும். அரத்தை மெல்ல, ஒரே திசையில் தள்ளுக.