காயமுற்ற கோழியைப் பேணுதல்

நாய் தன் நோவை முனகிக் காட்டும், பசு கதறும். கோழியோ தன் துன்பத்தை இயன்றவரை மறைத்தே வைக்கும். நலிந்ததையே பகை முதலில் பற்றும் என்னும் அச்சம் அதன் இனத்தோடு பிறந்ததாகும். ஆகையால், அது சிறகு தளர்ந்து மூலையில் ஒதுங்கி நிற்பதை நாம் காணும்போது, துன்பம் முன்னரே முற்றியிருத்தல் கூடும். இதனை உணர்தலே அதனைப் பேணுவதற்கு முதற்படியாம்.

1956-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் பொருட்டு எழுந்த நெய்வேலி நகரியம், வட்டம் வட்டமாக வகுக்கப்பட்டு, மரஞ்செறிந்த வீட்டுத் தோட்டங்களை உடையது. இத்தகைய தோட்டத்தில் நாலைந்து கோழி வளர்ப்போர்க்கு முட்டையும் உண்டு, மகிழ்ச்சியும் உண்டு. நாய், கீரி, பருந்து என்னும் பகையும் உண்டு. அவற்றினின்று குற்றுயிராய்த் தப்பிவந்த கோழிக்கு நாம் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, தனிமை. இரத்தத்தைக் கண்ட மற்றைக் கோழிகள் அவ்விடத்தையே கொத்திக் கொத்திப் புண்ணைப் பெரிதாக்கும். உடன் வாழ்ந்தது என்னும் இரக்கம் அவற்றிற்கு இல்லை. ஆகவே அடிபட்டதை உடனே எடுத்து, துணி விரித்த கூடையில் வைத்து, இருளும் அமைதியும் உள்ள இடத்தில் விடல் வேண்டும். எடுக்கும்போது மார்பை இறுகப் பிடித்தலாகாது. கோழிக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு அசைந்தாலன்றி அதற்கு மூச்சு இயங்காது. தொட்டவுடன் உடல் சுடுகின்றதே என்று காய்ச்சலென அஞ்சவும் வேண்டா. 106 பாகை பாரன்ஹீட்டுக்கு மேற்பட்ட சூடு அதற்கு இயல்பே.

இரண்டாவது, தூய்மை. குருதி வடியின் தூய துணியால் சில நிமிடம் விடாது அழுத்துக. பின்பு, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்புக் கரைத்து, புண்ணைச் சுற்றியுள்ள இறகுகளைக் கத்தரித்து, அந்நீரால் நன்கு கழுவுக. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்திடுவது நம் இல்லங்களின் வழக்கம். ஆயினும் கழுவாத புண்ணின்மேல் அப்புவது அழுக்கை உள்ளே அடைப்பதாகும். வெயிற்காலத்தில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளிலேயே புழு வைத்துவிடும். எனவே காலையும் மாலையும் புண்ணைப் பார்த்தல் இன்றியமையாதது.

மூன்றாவது, நீர். வாய்க்குள் நீரை ஊற்றுதல் பெரும்பிழை. நாவின் அடியிலேயே மூச்சுக்குழல் திறந்திருப்பதால் நீர் அதனுள் சென்று உயிரைப் போக்கும். அலகின் நுனியை நீரில் நனைத்தால் தானே பருகும். இரை தின்னத் தொடங்குவது நற்குறி.

நாய், பூனை முதலியவற்றின் பற்பட்ட புண் மேலே சிறு துளையாயினும் உள்ளே ஆழமானது. நச்சுக் கிருமிகள் அதன்வழிப் புகும். இத்தகைய கடிக்கும், எலும்பு முறிவுக்கும் அன்றே கால்நடை மருத்துவரை நாடுக. மக்களுக்குரிய மாத்திரைகளை உத்தேசமாய்க் கொடுத்தலாகாது. மருத்துவர் மருந்தளித்தால், எத்தனை நாள் முட்டையை உண்ணலாகாது என்பதையும் கேட்டறிக. இனித் தேறாது என அவர் கூறின், துன்பத்தை நீட்டாது முடிப்பதும் இரக்கமே.

காயமின்றிக் கழுத்து முறுகிப் பச்சையாகக் கழியுமாயின், அஃது அடிபட்டதன்று, வெள்ளைக் கழிச்சலாகலாம். அப்போது ஒரு கோழியை மட்டுமன்று, கூட்டம் முழுவதையும் காத்தல் வேண்டும்.

புண் ஆறித் தோல் மூடியபின், பஞ்சாரத்தால் கவிழ்த்து, ஏனையவை காணுமாறு சில நாள் வைத்துப் பின் கூட்டத்தில் சேர்க்க. திடீரென விட்டால் அயலானென்று தாக்கும். முட்டையின் விலையைக் கணக்கிடுவோர்க்கு இவ்வளவு உழைப்பு மிகையாகத் தோன்றலாம். ஆயினும் காட்டில் தன்னைக் காக்கவல்ல ஓர் இனத்தை நம் முற்றத்திற்குக் கொணர்ந்தவர் நாமே. அதன் நோவுக்கு மறுமொழி கூறவேண்டியவரும் நாமே.