கொல்லும் குண்டு, நிறுத்தாத குண்டு

தருமபுரி மாவட்டத்தின் பெண்ணாகரம், பாலக்கோடு பக்கத்து மலையோர ஊர்களில் துப்பாக்கி என்றால் தோளில் மாட்டும் நீளக்குழல் நாட்டுத் துப்பாக்கிதான். குழல் வாய் வழியே மருந்தையும் பால்ரஸ் குண்டுகளையும் இட்டுக் கெட்டிக்கும் பழைய ரகம். ராகிக் கொல்லைக்குக் காவல் என்ற பெயரில் இருப்பவற்றில் உரிமம் இல்லாதவையும் உண்டு. அவற்றைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று வனத்துறையும் போலீஸாரும் அறிவித்து வாங்கியிருக்கிறார்கள்.

ஊரை விட்டு டவுனுக்கு வந்தால் கதை மாறுகிறது. பணம் கொண்டுபோகிறவர், நிலத் தகராறில் மிரட்டலுக்கு ஆளானவர், ஒதுக்குப்புறமான தோட்டத்து வீட்டில் தனியாக இருப்பவர் கேட்பது இடுப்பில் செருகிக்கொள்ளும் சின்ன பிஸ்டலையோ ரிவால்வரையோதான். அதற்குக் கலெக்டரிடம் மனுப் போட வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். உயிருக்கு ஆபத்து இருப்பதைக் காட்ட வேண்டும். இவ்வளவும் கடந்து கைக்கு வரும் அந்தச் சின்னத் துப்பாக்கி, ஆபத்து நேரத்தில் உண்மையிலேயே காப்பாற்றுமா? ஆயுதச் சட்டத்தின் பக்கங்களில் இதற்கு விடை கிடையாது. உடலியலும் இயற்பியலும்தான் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கேள்வி கூர்மையாவதற்குக் காரணம் சட்டமே. ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் 9 மி.மீ. தோட்டா, 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி சாதாரணக் குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். ஆகவே உரிமம் பெற்றவர் பெரும்பாலும் வாங்குவது .32 ரகம், அதாவது சுமார் எட்டு மி.மீ. விட்டமுள்ள குண்டு, அல்லது அதைவிடச் சிறிய .22. டெல்லியில் 2012-ல் நடந்த கொடுமைக்குப் பிறகு, கான்பூர் பீரங்கித் தொழிற்சாலை 2014-ல் பெண்களின் தற்காப்புக்கென்று ‘நிர்பீக்’ ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. எடை அரைக் கிலோ, அப்போதைய விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். அதுவும் .32 தான்.

.32 பிஸ்டலின் குண்டு சுமார் 4.6 கிராம் எடையுள்ளது. நொடிக்கு 270, 280 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 175 ஜூல். 9 மி.மீ. குண்டுக்கு இது 490 ஜூலை ஒட்டி வரும், சின்னக் குழல் .22-க்கு நூறை ஒட்டி. இந்த எண்கள் எவ்வளவு பெரியவை? பக்கத்துச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் போன்ற ஒரு வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வீசும் கிரிக்கெட் பந்தில் 120 ஜூல் இருக்கிறது. ஆளைப் பின்னுக்குத் தள்ளும் உந்தத்தைக் கணக்கிட்டால், அந்தப் பந்து .32 குண்டைப்போல ஐந்து மடங்கு தள்ளும். சினிமாவில் சுடப்பட்டவன் காற்றில் பறந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவது முழுப் பொய். 70 கிலோ மனிதரை .32 குண்டு நொடிக்கு இரண்டு சென்டிமீட்டர்கூட நகர்த்தாது.

அப்படியானால் குண்டு மனிதரை எப்படி வீழ்த்துகிறது? துளைத்துத்தான். துப்பாக்கிக் காய இயலில் இரண்டு குழிவுகளைப் பற்றிப் பேசுவார்கள். குண்டு நசுக்கிக்கொண்டு போன பாதை நிரந்தரக் குழிவு. அதன் வேகத்தில் சுற்றுத் தசை ஒரு கணம் விரிந்து மீண்டும் மூடிக்கொள்வது தற்காலிகக் குழிவு. ரைபிள் குண்டின் அசுர வேகத்தில் இரண்டாவது குழிவே தசையையும் ஈரலையும் கிழித்துவிடும். கைத்துப்பாக்கி வேகத்தில் பெரும்பாலான திசுக்கள் ரப்பரைப்போல விரிந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. மிஞ்சுவது அந்த எட்டு மி.மீ. துளை மட்டுமே.

அந்தத் துளை எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூளையிலோ தண்டுவடத்தின் மேற்பகுதியிலோ பட்டால் ஆள் அந்தக் கணமே விழுவான். வேறு எங்கே பட்டாலும், விழுவதற்கு ரத்தம் இழந்தாக வேண்டும். இதயமே சிதைந்தாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைக் கொண்டு பத்துப் பதினைந்து நொடிகள் ஒருவர் விரும்பியபடி இயங்க முடியும் என்று அமெரிக்க எஃப்.பி.ஐ. 1989-ல் வெளியிட்ட ஆய்வறிக்கை சொன்னது. அரிவாளோடு வருகிறவனுக்குப் பத்து நொடி என்பது மிக நீண்ட நேரம்.

தமிழகம் மறக்காத ஒரு நாளை இங்கே எண்ணிப் பார்க்கலாம். 1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்தில், ஒரே அறையில், எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். எம்.ஜி.ஆரின் காதருகே பாய்ந்த குண்டு கழுத்துக்குள் தங்கியது. குரல் மாறியது, உயிர் போகவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். 1977-ல் முதலமைச்சரானார். ராதாவும் பிழைத்து, சிறை சென்று திரும்பி, 1979 வரை வாழ்ந்தார். தவறவே வாய்ப்பில்லாத தூரத்தில், கழுத்திலும் அதற்கு மேலும் பட்ட குண்டுகள் அவை. சில மில்லிமீட்டர் விலகலில் இரண்டு வாழ்க்கைகள் நீண்டன.

மறுபக்கமும் உண்டு. 1948 ஜனவரி 30-ல் காந்தியின் உயிரைப் பறித்தது கையடக்கமான பெரெட்டா பிஸ்டல்; .380 ரகம், .32-ஐவிட ஒரு படி மட்டுமே பெரியது. 1914-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பெர்டினாண்டையும் அவர் மனைவியையும் கொன்றதும் அதே .380 ரகம். ஆக, சின்னத் துப்பாக்கி கொல்லுமா என்று கேட்டால், சந்தேகமில்லாமல் கொல்லும். தற்காப்புக்கான கேள்வியோ வேறு: பாய்ந்து வருகிறவனை அது நிறுத்துமா?

இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியை 1981 மார்ச் 30 காட்டியது. வாஷிங்டனில் அமெரிக்க அதிபர் ரீகனை நோக்கி .22 ரிவால்வரிலிருந்து இரண்டு நொடிக்குள் ஆறு குண்டுகள் பாய்ந்தன. ஒன்று கார்மீது பட்டுத் தெறித்து ரீகனின் இடது அக்குளுக்குக் கீழே நுழைந்து நுரையீரலைத் துளைத்து, இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றது. தனக்குக் குண்டு பட்டது அவருக்கே தெரியவில்லை. மருத்துவமனை வாசலில் காரிலிருந்து இறங்கித் தன் காலால் நடந்து உள்ளே போன பிறகுதான் சரிந்தார். உடலின் ரத்தத்தில் பாதி அளவுக்கு இழந்திருந்தார். அதே ஆறில் இன்னொரு குண்டு பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் பிராடியின் தலையில் பாய்ந்தது. அவர் அங்கேயே விழுந்தார். எஞ்சிய வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் இருந்தார். ஒரே துப்பாக்கி, ஒரே ரகத் தோட்டா.

பெரிய தோட்டா இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 1986 ஏப்ரல் 11-ல் மயாமி நகரில் எஃப்.பி.ஐ. அதிகாரி சுட்ட 9 மி.மீ. குண்டு ஒரு கொள்ளையனின் கையைத் துளைத்து, மார்புக்குள் புகுந்து, இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம்தான். ஆனாலும் அவன் தொடர்ந்து சுட்டு இரண்டு அதிகாரிகளைக் கொன்றான். அதன் பிறகே மனிதத் தசையை ஒத்த ஜெலட்டின் கட்டியில் குண்டு குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்ற அளவுகோல் வந்தது. உலோக உறையிட்ட உருண்டைமூக்கு .32 குண்டு அந்த ஆழத்தை எட்டும். துளைதான் சிறியது.

கிரெக் எலிஃப்ரிட்ஸ் என்ற அமெரிக்கப் போலீஸ் அதிகாரி, சுடப்பட்ட சுமார் 1,800 பேரின் விவரங்களைப் பத்து ஆண்டுகள் திரட்டி 2011-ல் வெளியிட்டார். எத்தனை முறை சுட்டும் எதிராளி நிற்காமல் போன சம்பவங்கள் 9 மி.மீ.யில் 13 சதவீதம்; .22-ல் 31; .32-ல் 40. இந்தியர் கைக்கு எட்டும் ரகங்கள்தான் மோசமான பக்கத்தில் நிற்கின்றன. .32 பிரிவில் இருந்தவர்கள் 25 பேர் மட்டுமே என்பதால் அந்த நாற்பதை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. போக்கு மட்டும் தெளிவு. துப்பாக்கியைக் கண்டதுமோ முதல் சத்தத்திலோ ஓடிவிடுகிறவனுக்கு எந்த ரகமும் போதும். வெறியிலோ போதையிலோ வருகிறவனிடம்தான் சின்னத் தோட்டா தோற்கிறது. எதிரே வரப்போவது எந்த வகை ஆள் என்று உரிமம் வாங்கும்போது யாருக்குத் தெரியும்?

குண்டு பட்ட பிறகு நடப்பதைத்தான் இதுவரை பார்த்தோம். படுவதே அரிது. நியூயார்க் போலீஸாரின் பதிவுகளை ஆராய்ந்து ராண்ட் நிறுவனம் 2008-ல் வெளியிட்ட கணக்கில், இருதரப்பும் சுட்டுக்கொண்ட சம்பவங்களில் போலீஸார் சுட்டவற்றில் இலக்கில் பட்டவை 18 சதவீதம்தான். எதிராளி திருப்பிச் சுடாதபோதும் 30 சதவீதம். இவர்கள் பயிற்சி பெற்றவர்கள். தருமபுரி மாவட்டத்துக்கே தெரிந்த உதாரணம் பாப்பாரப்பட்டி. 2004 அக்டோபர் 18 இரவு, வீரப்பனும் கூட்டாளிகள் மூவரும் இருந்த ஆம்புலன்ஸ் வேனை அதிரடிப்படை சூழ்ந்து நின்று, பிஸ்டலைவிடப் பலமடங்கு வலுவான ஆயுதங்களால் நூற்றுக்கணக்கான ரவைகளைச் சுட்டது. வேனுக்குள் இருந்தது நான்கே பேர். பயிற்சி பெற்ற படைக்கே அத்தனை ரவை தேவைப்பட்டது என்றால், பூட்டிய பெட்டியிலிருந்து எப்போதாவது எடுக்கப்படும் பிஸ்டலை நடுங்கும் கையால் சுடுகிறவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். தோட்டாவின் ரகத்தைப் பற்றிய வாதம் அங்கே இரண்டாம்பட்சமாகிவிடுகிறது.

இந்த மாவட்டத்தில் பலருக்கும் ஆபத்து மனித உருவில் வருவதில்லை, யானையாக வருகிறது. அதையும் பேசியாக வேண்டும். பெண்ணாகரம், ஒகேனக்கல், அஞ்செட்டிக் காடுகளில் வேட்டையாடி எழுதிய கென்னத் ஆண்டர்சன் கையில் வைத்திருந்தது .405 வின்செஸ்டர் ரைபிள். அதன் குண்டுக்கு 4,300 ஜூலுக்கு மேல் ஆற்றல்; .32 பிஸ்டலைப்போல 25 மடங்கு. யானையின் மண்டையோடு கனத்த ஒற்றை எலும்பாக இல்லாமல், காற்றறைகள் நிறைந்த தடித்த எலும்பாக இருக்கிறது. மூளை அதற்குள் வெகு ஆழத்தில். பிஸ்டல் குண்டும் பால்ரஸும் அங்கே போய்ச் சேருவதில்லை. அவை செய்வதெல்லாம் சீழ் பிடிக்கும் காயத்தோடு ஒரு யானையை அடுத்த ஊருக்கு அனுப்புவதுதான். அந்த வலியின் பலன், சுட்டவருக்கு மட்டுமல்லாமல் அதிகாலையில் கொல்லைக்குப் போகும் யாரோ ஒருவருக்கும் விழும்.

2023 பிப்ரவரியில் பாலக்கோடு பக்கம் பயிர்களை மேய்ந்து திரிந்த மக்னா (தந்தமில்லாத ஆண்) யானையை நிறுத்தியது மயக்க ஊசியும் சின்னத்தம்பி என்ற கும்கியும். அந்த ஊசியைச் செலுத்தும் துப்பாக்கியின் வேகம் அற்பம். ஆனால் மருந்து, அளவு, தூரம் அறிந்த கால்நடை மருத்துவர் அதன் பின்னால் இருக்கிறார். அடுத்த மாதமே மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. காட்டுப்பன்றிக்கு வைத்த வேலியோ அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடியோ யானையையும் மாட்டையும் மனிதரையும் பிரித்தறியாது. தன் பயிருக்காக ராத்திரி முழுக்க விழித்திருக்கும் விவசாயியின் பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்குத் துப்பாக்கியைப் பதிலாகத் தருவது அவருக்குச் செய்யும் நியாயமாகாது. விளக்கும் சத்தமும் கூட்டுக் காவலும், யானை இறங்கியது என்று முன்கூட்டியே வரும் செய்தியும், தாமதமில்லாத இழப்பீடும்தான் அவருக்குத் தேவை.

டவுனில் உரிமம் வைத்திருப்பவர்களைப் பொறுத்தவரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள், உரிமம் கேட்பவர் துப்பாக்கியைக் கையாளும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்கின்றன. 2019-ல் வந்த திருத்தமோ உரிமத்தின் ஆயுளை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டியது. பழகாத கை ஐந்து ஆண்டில் கற்றதை மறந்துவிடும். தற்காப்புக்கென்று உரிமம் தரும் மாவட்ட நிர்வாகம், ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆயுதப்படையின் சுடுதளத்தில் அவர்களை வரவழைத்து, பயிற்றுநர் முன்னிலையில் சொந்தத் துப்பாக்கியால் சுடச் சொல்ல வேண்டும். ஏழு மீட்டர் தூரத்துக் காகித இலக்கில் தன் குண்டுகள் எங்கே விழுகின்றன என்பதைப் பார்த்த பிறகும் அதை இடுப்பில் செருகிக்கொண்டு போவதா, காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு நல்ல கதவும் வெளிவிளக்கும் போடுவதா என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம்.