லயத்துத் தோட்டத்திற்கு எந்த விதை?

புரட்டாசி பிறந்தால் லயத்துக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தைக் கொத்தத் தொடங்குவோம். கடையில் பக்கட்டின் மேலுள்ள படத்தைப் பார்த்து விதை வாங்குவோம். படம் எல்லாம் அழகுதான். நம்ம தோட்டத்துக்கு அது ஒத்துவருமா என்பதுதான் கேள்வி.

முதலில் உயரத்தைப் பாருங்க. நுவரெலியாக் குளிரில் கோவா, லீக்ஸ், கரட், பீட்ரூட் செழிக்கும். அங்கே முருங்கைக் குச்சியை ஊன்றிக் காத்திருப்பது வீண். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் முருங்கையும் வெண்டியும் கத்தரியும் பயிற்றையும் நன்றாக வரும்.

போஞ்சியில் இரண்டு சாதி. ரொப் குரொப், வேட் போன்றவை செடிப் போஞ்சி. கம்பு வேண்டாம், சீக்கிரம் காய்க்கும். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சில வாரத்தில் முடிந்துவிடும். சந்தைக்கு விற்பவருக்கு அது நல்லது. கொழுந்துக்குப் போய்விட்டு வந்து அந்திக்கு ஒரு கறி வைக்கிற வீட்டுக்குக் கொடிப் போஞ்சிதான் நாம் சொல்வது. கென்டக்கி வொண்டர், பண்டாரவளை கிறீன் இரண்டும் கொடி வகை. பிந்தித்தான் காய்க்கும், ஆனால் கூடிய நாளைக்குப் பறிக்கலாம். நோயில்லாத இரண்டு மூன்று கொடியின் காய்களைப் பறிக்காமல் காயவிட்டால் அடுத்த போகத்துக்கு விதை வாங்கும் காசு மிச்சம். பழைய விதையென்றால் பத்தை ஈரத்துணியில் சுற்றி வையுங்க. ஏழெட்டாவது முளைக்க வேண்டும்.

கலப்பின கோவாவில் இப்படி விதை எடுக்க முடியாது. இன்னொன்று, தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண்ணில் கோவாவுக்கு வேர் வீங்கும் நோய் எளிதாக வரும். அந்தக் கிருமி பல வருடம் மண்ணில் கிடக்கும். டொலமைட் போட்டுக் கொத்துங்க. நோய் கண்ட பாத்தியிலிருந்து யார் இனாமாக நாற்றுக் கொடுத்தாலும் வாங்காதீங்க. அந்தப் பாத்தியில் நோக்கோல், முள்ளங்கியும் வேண்டாம், அவையும் கோவாக் குடும்பம். போஞ்சி போடலாம்.

கீரைக்குச் செலவே இல்லை. பொன்னாங்காணித் தண்டையும் வல்லாரைக் கொடியையும் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி நடலாம். கறிக்கு வாங்கும் கொத்தமல்லியை இரண்டாக உடைத்துத் தூவினால் மலைக்குளிரில் இலை நன்றாக வரும். பீலியடியில் ஈரம் இருக்கிறதே என்று அங்கே நடுகிறோம். நல்லதுதான். ஆனால் வல்லாரையைச் சம்பலாகப் பச்சையாகவே சாப்பிடுகிறோம், அதனால் கக்கூஸ் தண்ணீர் ஓடும் கானோரத்திலும், தேயிலைக்கு மருந்தடிக்கிற ஓரத்திலும் அதை நட வேண்டாம்.